சாய்ந்தமருதிலிருந்து ஒரு ஃபேக்ஸ்

கொழும்பிலிருந்து கல்முனைக்கு வந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தூங்குவதுபோல் நடித்தார் என்றே இன்றும் நம்புகிறேன். கண்கள் மூடியிருந்தன. ஆனால் மடியிலிருந்த பையின் ஜிப்பை நான் தொடும்போதெல்லாம் அவர் இமை அசைந்தது. நடத்துநர் ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்தவர் கண்ணைத் திறக்காமலே எனக்கு மொழிபெயர்த்தார். நான் பையைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருக்கிறேனாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்குகிறவருக்கு அது எப்படிக் கேட்டது?

நான் சந்தேகப் பேர்வழி. பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ரகம். சொந்த ஊர் திருச்சி. பிழைப்பு ஜப்பானில், ஒரு துறைமுக ஊரின் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில். அங்கே என்னைத் தவிரத் தமிழ் பேசியவன் ஒருவன்தான், இலங்கையின் சாய்ந்தமருதுக்காரன் ஹசன். ஒரே அடுப்பில் சமைத்தோம். அந்த ஹசன் கப்பலுக்குக் கட்டிய சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்தான்.

மூளை வீங்கியதால் அவன் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. திங்கட்கிழமை அந்தத் துண்டைத் திரும்ப வைக்க வேண்டும். வைக்காதவரை அவன் விமானம் ஏற முடியாது, ஊர் பார்க்க முடியாது. ஆள் விழித்திருந்தாலும் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. என்னையே சில நாள் யாரென்று பார்த்தான். அதனால் அவன் கையெழுத்து செல்லாது, தாயின் கையெழுத்து வேண்டும் என்றது மருத்துவமனை. வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் தாள் வராவிட்டால் அந்த நாள் வேறு நோயாளிக்குப் போய்விடும். அடுத்த நாள் எப்போது என்று யாரும் சொல்லத் தயாராக இல்லை.

தாய் சபுறும்மா தொலைபேசியில் ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோவில் மகனைக் காட்டினோம். இந்தக் காலத்தில் முகத்தையும் குரலையும் மெஷினில் செய்து அனுப்புகிறார்களாம், அது அவன்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். மருத்துவமனையும் அவருக்குச் சளைத்ததல்ல. போனில் எடுத்த படம் செல்லாது. ஃபேக்ஸ் வர வேண்டும், அதுவும் ஹசன் வேலைக்குச் சேரும்போது எழுதிக்கொடுத்த வீட்டுத் தொலைபேசி எண்ணிலிருந்து. தாள் வந்ததும் அதே எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்வார்களாம். இரு தரப்பும் இப்படி இருக்க, நடுவில் என்னைப் போன்ற ஆளை அனுப்பியது பொருத்தம்தான்.

பையில் இருந்தது அந்தத் தாளும் என் பழைய கையடக்கக் கணினியும். உள்ளங்கை அகலம், எழுத ஒரு குச்சி, பக்கத்தில் செருகிக்கொள்ளத் தீப்பெட்டி அளவில் ஒரு மோடம். மோடத்தைத் தொலைபேசி வயரில் இணைத்தால் ஃபேக்ஸ் போகும். பட்டறையில் எல்லோரும் கேலி செய்வார்கள். யாரும் இப்போது பயன்படுத்தாததால் யாரும் அதற்கு வைரஸ் செய்வதில்லை என்பது என் கட்சி.

எனக்கு வேறொரு உறுத்தலும் இருந்தது. ஹசன் விழுந்த அன்று அந்த வீட்டு எண்ணை அழைத்தது நான்தான். திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் போனை எடுக்காமல் இருப்பார்களா? என்ன குடும்பம் இது என்று அன்று தோன்றியது பஸ் முழுக்கக் கூடவே வந்தது.

கல்முனையில் இறங்கிப் பக்கத்திலுள்ள சாய்ந்தமருதுக்கு ஆட்டோ பிடித்தேன். யார் வீடு என்று சொல்லாமல் தெருவை மட்டும் சொன்னேன். "ஹசன்ட உம்மாட வீட்டுக்குத்தானே?" என்றார் ஓட்டுநர். எப்படித் தெரியும் என்றேன். "ஜப்பான்ல இருந்து ஒராள் வாற எண்டு ஊருக்கே தெரியும். பள்ளியில துஆ கேட்டாங்க." திருச்சியில் எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. இங்கே ஒரு ஊரே பள்ளிவாசலில் பிரார்த்தனை செய்து என்னை எதிர்பார்த்திருக்கிறது.

வாசலில் ஹசனின் மச்சான் ஜாபிர் நின்றார். மூத்த அக்காவின் கணவர், வலைக்கடை வைத்திருப்பவர், நல்ல உயரம். சலாம் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அவருடைய அடையாள அட்டையைக் கேட்க எனக்கும் ஆசைதான்.

"உங்கள் மாமியாருக்குக் காது எந்த அளவுக்குக் கேட்கும்?" என்று அவர் காதோடு கேட்டேன். ஜப்பானில் ஹசன் எல்லோரிடமும் மெல்லப் பேசுவான். வீட்டுக்குப் பேசும்போது மட்டும் அடுத்த அறைவரை கேட்கக் கத்துவான். தாய்க்குக் காது மந்தம் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஜாபிர் பதில் சொல்லுமுன் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு நல்லாக் கேக்கும் தம்பி." என் சந்தேகங்களில் ஒன்று கூடியது.

சபுறும்மா ஐம்பதுகளில் இருப்பவர். முக்காட்டை இறுக்கிக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சோறு வைத்தார்கள். ஒரே பெரிய தட்டு, சவன் என்கிறார்கள், அதைச் சுற்றி நானும் ஜாபிரும். நடுவில் மீன் ஆணம் என்ற குழம்பு, கத்தரிக்காய், தேங்காய்ச் சம்பல். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு நன்மை தெரிந்தது: நான் தொட்ட இடத்தையே ஜாபிரும் தொடுகிறார், ஆக இதில் எதுவும் கலந்திருக்க முடியாது. நிம்மதியாகச் சாப்பிட்டேன். மீன் அபாரம்.

சாப்பிடும்போது சபுறும்மா கதவு நிலையில் நின்று கேட்டார். "ஹசனோட ஒண்டாத்தான் சாப்பிட்டீங்களா தம்பி?"

"ஆமாம்மா."

"அப்ப சொல்லுங்க. அவன் திங்காம ஒதுக்கி வைக்கிற என்ன?"

"குழம்பில் கிடக்கிற ரம்பை இலை. எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்குவான். பூண்டைத் தின்பான்."

அவர் முகம் அசையவில்லை, ஆனால் இன்னொரு துண்டு மீன் வந்தது. கை கழுவியபின் தாளைக் கேட்டார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"முதல்ல கேக்காமத்தானே அவன்ட தலையத் திறந்த? இப்ப வைக்கிற எலும்பு அவன்டதானா?"

"அவனுடையதேதான். பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன்."

கேட்காமல் திறந்தார்கள் என்றதும் எனக்கு வாய் வரை வந்தது. கேட்கத்தான் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை என்று. ஆனால் சொல்லவில்லை. அவர் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தாளை மட்டும் என்னிடம் தரவில்லை. "இது என்ட வீட்டால, என்ட கண்ணுக்கு முன்னாலதான் போகணும். இஞ்ச ஒருத்தருக்கும் இதக் கதைக்கவும் ஒண்ணா. கண்ணூறு" என்றார். கண் பட்டுவிடுமாம், யாரிடமும் சொல்லக் கூடாது.

மறுநாள் வியாழன். காலையில் இடியப்பமும் சொதியும். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் பழகிய நாக்கு, மாசிக் கருவாட்டுச் சம்பலைக் கண்டு மிரண்டு, பிறகு விடாமல் கேட்டது. மோடத்துக்கு நீளமான தொலைபேசி வயர் வாங்கக் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஜாபிர் கூடவே வந்தார். நான் பல் துலக்கக் கிணற்றடிக்குப் போனாலும் அவர் நிழல் முன்னால் விழுந்தது.

சபுறும்மாவின் முன்னறையில் ஒரு பழைய மேசைத் தொலைபேசி. அதன் வயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு அங்கே மோடத்தைச் செருகினேன். அவர் கையிலிருந்த தாளைப் படமெடுத்து நினைவு அட்டையில் போட்டு, கணினியில் ஃபேக்ஸ் பக்கமாக்கினேன். அனுப்பு என்று குச்சியால் தட்டினேன். "டயல் டோன் இல்லை" என்றது.

டோன் இருந்தது, என் காதால் கேட்டேன். ஆனால் இது ஜப்பான் மோடம். அந்த ஊர் டோனைத்தான் டோன் என்று ஒத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் மேம்பட்ட அமைப்புகள் என்று உள்ளே ஒரு பக்கம் இருக்கிறது. சாதாரண மனிதர்கள் அங்கே போக மாட்டார்கள், நான் வாரம் ஒருமுறையாவது போவேன். டோனுக்குக் காத்திருக்காதே, நேராக எண்ணைச் சுழற்று என்று கட்டளை எழுதினேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். வெளிநாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு சற்று நிற்க ஒரு காற்புள்ளி போட்டேன். தாளின் தலையில் அச்சாகும்படி வீட்டு எண்ணைக் கொடுத்தேன். கடைசியாக, இந்த ஊர் லைன் பழைய லைனாகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டி, எண்களை ஒலியாக அனுப்பாமல் அந்தக்கால முறையில் துடிப்புத் துடிப்பாக அனுப்பும்படி மாற்றினேன். யாரும் என்னிடம் லைன் பழையது என்று சொல்லவில்லை.

எண்கள் டக் டக் டக் என்று போயின. ஜப்பானில் மணி அடித்தது. அந்தப் பக்கத்து இயந்திரம் கீச்சிட்டது. இதோ என்று நிமிர்ந்தேன். லைனில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். எல்லாம் அறுந்தது.

மறுபடி. எண் பாதி போகும்போதே க்ளிக். மறுபடி. இணைந்து, தாளின் முதல் பட்டை போகும்போது க்ளிக். பிழை திருத்தத்தை நிறுத்திப் பார்த்தேன், வேகத்தை இன்னும் குறைத்துப் பார்த்தேன். பிறகு மோடத்தின் ஒலிபெருக்கியை எந்நேரமும் ஒலிக்கும்படி மாற்றினேன். அடுத்த முறை க்ளிக்குக்குப் பின் தெளிவாகக் கேட்டது, ஒரு மூச்சு.

யாரோ லைனில் இருக்கிறார்கள்.

சபுறும்மாவைப் பார்த்தேன். மணை மேல் உட்கார்ந்து தஸ்பீஹ் மாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஜாபிரைத் தேடினேன். இவ்வளவு நேரம் கூடவே ஒட்டியிருந்த மனிதரைக் காணவில்லை. அவர் வீடு மதிலுக்கு அந்தப் பக்கம்தான். எனக்கு எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. பாஸ்போர்ட்டைப் படமெடுத்தவர், நிழலாக வந்தவர், இப்போது ஒட்டுக் கேட்கிறார். ஆனால் ஏன்? மைத்துனன் ஊர் வராமல் இருப்பதில் அவருக்கு என்ன லாபம்? அன்று மாலை கடற்கரையில் தோணிகளைப் பார்த்தபடி எத்தனையோ காரணங்கள் ஜோடித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தும் நிறுத்த முடியவில்லை. ஜப்பானில் அலுவலகம் மூடியிருக்கும். இனி வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலையிலும் அதே கதை. க்ளிக், மூச்சு, அறுந்த லைன். அப்போதுதான் ஒரு திட்டம் தோன்றியது. ஜும்ஆ தொழுகைக்கு ஊரிலுள்ள ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கடைகள் அடைபடும், தெருவில் ஈ காக்கை இருக்காது. ஜாபிரும் போவார். அந்த நேரம் லைன் சுத்தமாக இருக்கும். ஜப்பானில் அலுவலகம் மூட அதன்பின் கொஞ்ச நேரமே மிச்சம்.

பாங்கு சொன்னார்கள். ஜாபிர் வெள்ளைக் கைலியும் தொப்பியுமாகப் போவதை நான் மதில் மேல் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உள்ளே வந்து தட்டினேன். டக் டக் டக். ஜப்பானில் மணி. க்ளிக். மூச்சு.

அரை மணி நேரம் விடாமல் முயன்றேன், ஒவ்வொரு முறையும் அதேதான். மோடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன். செருகி இருந்த இடத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் இன்னொரு வயர் ஜன்னல் வழியாக வெளியே போனது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். மதிலேறி, முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜாபிர் வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்தது. அங்கே ஒரு முடிச்சுப் போட்டு, மீண்டும் வெளியே வந்து, அடுத்த வீட்டுக்கும் போனது. நான் வயரும் கையுமாக ஜன்னலுக்குள் பார்த்தேன். ரிசீவரைக் காதில் வைத்தபடி ஒரு பெண் நின்றார். ஹசனின் மூத்த அக்கா, ஜாபிரின் மனைவி றமீசா.

"நீங்களா?" என்றேன்.

"நீங்களா?" என்றார் அவர். "வயரப் புடிச்சி என்ன செய்ற நீங்க?"

ஆண்கள் எல்லோரும் தொழுகையில் இருக்கும் நேரம், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டு வளவில், மதிலோரம் ஓர் அந்நிய ஆள் வயரை இழுத்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த வீட்டிலிருந்து றமீசாவின் தங்கை சிபானாவும் வந்துவிட்டாள், பின்னால் சபுறும்மா. அதே சமயம் தொழுகை முடிந்து ஜாபிரும் வாசலில் நுழைந்தார். என்னை அவர் பார்த்த பார்வையில் இரண்டு நாளாக நான் அவரைப் பார்த்ததெல்லாம் இருந்தது.

"ஏன் போனை எடுக்கிறீர்கள்?" என்று நான்தான் முதலில் கத்தினேன். "ரெண்டு நாளாகத் தாள் போகவில்லை. நீங்கள் எடுக்க எடுக்க அறுந்துபோகிறது."

றமீசா ரிசீவரைக் கீழே வைத்தார். "என்ன தாள்? எங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயே. மணி அடிச்ச, எடுத்தன். உள்ளுக்க கீச் கீச்செண்டு கேட்ட."

"மணி எங்கே அடித்தது? நானல்லவா வெளியே அழைக்கிறேன்?"

"டிங் டிங்கெண்டு மெல்லமா அடிச்ச. நேத்தும் அடிச்ச. என்ட வீட்டிலயும் அடிச்ச, இவள்ட வீட்டிலயும் அடிச்ச."

எனக்கு அப்போது உறைத்தது. நான் அனுப்பிய ஒவ்வொரு துடிப்பும் அதே வயரில் தொங்கிய மற்றத் தொலைபேசிகளின் மணியை லேசாகத் தட்டியிருக்கிறது. பழைய லைன் என்று நானே பட்டம் கட்டிச் செய்த வேலை.

ஜாபிர்தான் விளக்கினார். "வீடு ரெண்டையும் பொம்புளப் புள்ளையளுக்குச் சீதனமாக் குடுத்திட்டு மாமி சின்ன வீட்டுக்கு வந்த. போன் ஒண்டுதானே இரிந்த. அத எப்படிப் பங்கு வைக்கிற? வயர இழுத்து மூண்டு வீட்டுக்கும் குடுத்த."

"சரி. ஆனால் ஒரு டிங் சத்தத்துக்கா ஓடி வந்து எடுப்பார்கள்?"

சபுறும்மாதான் பதில் சொன்னார். "அவன் விழுந்த அண்டைக்கு ஒலுவில் ஊர்ல கலியாணம் தம்பி. மூண்டு வீடும் பூட்டு. திரும்பி வாற நேரம் மணி அடிக்கிற சத்தம் வாசல்லயே கேட்ட. நான் கதவத் திறந்து ஓடி வாறத்துக்குள்ள நிண்டு போச்சி. எடுத்திருந்தா என்னட்டக் கேட்டிருப்பாங்க. கேக்காமத் திறந்தாங்க எண்டு ஊருக்குச் சொல்லுற. கேக்கத்தான் அடிச்சாங்க எண்டு எனக்குத் தெரியும். அண்டையில இருந்து எங்கட போன் முழுசா ஒரு மணி அடிச்சதில்ல. அதுக்குள்ள ஆரும் எடுத்திருவம்."

அந்த மணியை அடித்தது நான். இன்னும் சற்று நேரம் அடிக்க விட்டிருந்தால் என்று ஒரு கணம் தோன்றியது. இவர்களைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்.

ஆனால் வருந்த நேரமில்லை. ஜப்பானில் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. உள்ளே ஓடி, துடிப்பு முறையை எடுத்துவிட்டு ஒலி முறைக்கு மாற்றினேன். என்ன சத்தம் கேட்டாலும் தொடக் கூடாது என்று இரு சகோதரிகளையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பினேன். ஜாபிர் மதிலோரம் நின்று இரு வீட்டு ஜன்னல்களையும் மாறிமாறிப் பார்த்தார். கண்காணிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

தட்டினேன். எண்கள் சடசடவென்று ஒலியாகப் போயின. மணி. கீச்சல். பதில் கீச்சல். நான் க்ளிக்குக்காகக் காத்திருந்தேன். சபுறும்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். திரையில் பட்டை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. தாளின் தலை போயிற்று, எலும்பு பற்றிய வரிகள் போயின, கடைசியில் அந்தத் தமிழ்க் கையெழுத்தும் போயிற்று. "அனுப்பப்பட்டது" என்று வந்தது. என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு முறை படித்தேன்.

அப்போது மணி அடித்தது. இந்த அறையில் அல்ல, மதிலுக்கு அந்தப் பக்கம். இரண்டு வீட்டிலும் ஒன்றாக, முழுசாக அடித்தது. சபுறும்மாவின் தொலைபேசி மட்டும் சும்மா கிடந்தது, அதன் வயர்தான் என் காலடியில் கிடந்ததே. மருத்துவமனை திரும்ப அழைக்கும் என்பதை நான் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன். தொடக் கூடாது என்று நான் சொன்னதால் யாரும் தொடவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. சபுறும்மா எழுந்துவிட்டார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னொரு முறை பார்க்க நான் தயாராக இல்லை.

"எடுங்க, எடுங்க" என்று ஜன்னல் வழியே கத்திக்கொண்டே மோடத்தைப் பிடுங்கி, தொலைபேசியின் வயரைச் செருகினேன். பிளாஸ்டிக் நாக்கு ஏறவில்லை. திருப்பிச் செருகினேன். ஏறியது. ரிசீவரை எடுத்தேன். மற்ற இருவரும் ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். ஒரே லைனை மூன்று போன் பங்கு போட்டதில் ஒரு நர்ஸின் ஜப்பானியக் குரல், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் மெலிசாகக் கேட்டது. தாள் கிடைத்தது, திங்கட்கிழமை உறுதி, தாயார் அருகில் இருக்கிறாரா, மகன் படுக்கைப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறேன் என்றார்.

ரிசீவரைச் சபுறும்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் காதை ஒட்டி வைத்தேன்.

"உம்மா" என்றது ஒரு குரல். மெல்ல, குழறலாக.

சபுறும்மா உடனே உருகிவிடவில்லை. "ஆரு கதைக்கிற?" என்றார். மெஷினில் செய்த குரலாக இருந்தால் என்ன செய்வது?

நர்ஸ் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, ஜப்பானில் எங்கள் அறையில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே கத்தலில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து ஹசன் சொன்னான்.

"உம்மா... மத்த ரெண்டு பேரையும்... போன வைக்கச் சொல்லுங்க. கேக்குதில்ல."

சபுறும்மா வாயைப் பொத்திக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்டது. ஒருவரும் போனை வைக்கவில்லை.